உன்னைத் தேடி ஜவ்வரிசி லாரியில்

அன்புள்ள குமரேசனுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீ காசியில் இருப்பாய். சத்திரத்து முகவரியை உன் மாமன் செங்கோடன் கொடுத்தான். நம்மூர் சனங்களைக் கங்கையில் முழுகவைத்து, கயாவுக்கும் கூட்டிப் போய்விட்டு, கல்யாணத்துக்கு முன்னால் பஸ்ஸை மோகனூர் கொண்டுவந்து சேர்த்துவிடுவாய் என்று தெரியும். நேரிலேயே பேசிக்கொள்ளலாம்தான். ஆனால் நீ வந்து இறங்கினால் பந்தல்காரர் ஒரு பக்கம், சமையல்காரர் ஒரு பக்கம், உன் அத்தைமார் நடுவில் என்று வீடே சந்தையாகிவிடும். அப்போது உன்னிடம் நான் பேசப்போவது, சாப்பிடு, குளி, இந்தச் சட்டையைப் போட்டுப் பார் என்பது மட்டுமாகத்தான் இருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் ஏழாவதோடு நின்றவள்.

போன வாரம் உங்கப்பாவும் செங்கோடனும் பத்திரிகை அடிக்க நாமக்கல் போனார்கள். அச்சகத்துக்காரர், பெண் பெயர் மல்லிகா என்று எழுதிக்கொண்டு, "படிப்புங்க?" என்று கேட்டிருக்கிறார். "எம்.ஏ., பி.எட்.ங்க, ஆட்டையாம்பட்டியில டீச்சருங்க" என்று செங்கோடன் சொல்லியிருக்கிறான். அடுத்து, "மாப்பிள்ளைக்கு என்னங்க போடறது?" என்று கேட்டதும் செங்கோடனுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டதாம். உங்கப்பா குரலைத் தாழ்த்தாமல், "மாப்பிள்ளைக்குப் பேரு மட்டும் போடுங்க, போதும்" என்றாராம். அச்சகத்துக்காரர், பக்கம் காலியாகத் தெரியுமே என்று இழுத்ததற்கு, "தெரியட்டுங்க" என்றாராம். செங்கோடன் வந்து இதைச் சொன்னபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பத்து வருசத்துக்கு முன்னால் இதே மனிதர் உன் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்.

அந்தக் காலத்தில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நீ அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளஸ் ஒன் என்ற படிப்பு புதிதாக வந்த சமயம் அது. நம் தெருவில் முதலில் அதில் சேர்ந்தவன் நீ. உங்கப்பா கரும்புக் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டே போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "பையன் பிளஸ் ஒண்ணுங்க" என்று சொல்லுவார். அது என்ன என்று அவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. உனக்கோ மனசு வகுப்பில் இல்லை. செங்கோடன் லாரியை விட்டு இறங்கினதும் நீ அவனைப் பிடித்துக்கொள்வாய். அந்த ஊர் மண் என்ன நிறம், அங்கே காலையில் என்ன தின்கிறார்கள், அந்த மலைக்கு அக்கட்டால் என்ன இருக்கிறது என்று கேட்டு அவனைத் தூங்க விடமாட்டாய். அவன், "ரோடுதான் சாமி இருக்குது, வேறென்ன" என்று சொல்லிப் புரண்டு படுத்துக்கொள்வான்.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு விடிகாலை உங்கப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். 'ஊர் பாக்கப் போறேன், தேட வேண்டாம்' என்று அரிசிப்பானை மூடிமேல் ஒரு துண்டுக் காகிதம். நான் அழுதேன். உங்கப்பா அழவில்லை, கத்தவும் இல்லை. யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், "என் சைக்கிள் போயிருச்சுங்க" என்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து விசாரித்தபோதும் அதேதான் சொன்னார். ஊரில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் சைக்கிள் சைக்கிள் என்று சொன்னது எதை என்று எனக்குத் தெரியும்.

பெங்களூரிலிருந்து ஒரு கார்டு போட்டாய். பிறகு அனந்தபூர், பிறகு ஐதராபாத். அதோடு நின்றுபோனது. தீபாவளி வந்தது, கார்டு வரவில்லை. பொங்கல் வந்தது, அப்போதும் இல்லை. நான் தபால்காரரைப் பார்த்தால் உள்ளே போய்விடுவேன், அவர் இல்லை என்று தலையாட்டுவதைப் பார்க்க முடியாமல். மாசி மாதத்தில் சிவனி என்ற ஊரிலிருந்து கார்டு வந்தது. 'நம்ம திருச்செங்கோட்டுக்காரர் ரிக் வண்டியில் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்த் தண்ணீருக்குப் போர் போடுகிறோம். நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருந்தாய். அந்தக் கார்டை உங்கப்பா கையில் வாங்கவில்லை. ஆனால் நான் அதை வைத்த இடத்திலிருந்து அது ஒரு நாள் இடம் மாறியிருந்தது.

செங்கோடன் அப்போது சேலத்து ஜவ்வரிசியை நாகபுரிக்கு ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். நாகபுரியிலிருந்து சிவனி பக்கம்தான் என்று அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்றைக்கே உங்கப்பாவிடம் கேட்டேன்.

"ஏனுங்க, நான் போய் அவனப் பாத்துக் கூட்டியாரேனுங்க."

"லாரியிலயா?"

"தம்பி வண்டிதானுங்களே."

"அவனாப் போனான், அவனா வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். நான் மறுபடி கேட்கவில்லை, விடவும் இல்லை. பையில் நாலு சேலையை வைத்து, அரிசிமாவு முறுக்கு சுட்டு, புளிக்காய்ச்சல் காய்ச்சினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்புகிற அன்று பையைத் தூக்கினால் கனமாக இருந்தது. திறந்து பார்த்தால் அவருடைய கம்பளி. "வடக்க குளிருமாமா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

குமரேசா, அதுவரைக்கும் நான் போன தூர ஊர் பழனிதான். சேலத்துக்கே ஏழெட்டுத் தடவை போயிருந்தால் அதிகம். லாரி கேபினில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. செக்போஸ்டில் நிறுத்தி எட்டிப் பார்ப்பார்கள். "எங்கக்காங்க, பையனப் பாக்கப் போறாங்க" என்று செங்கோடன் எல்லா ஊரிலும் தமிழிலேயே சொன்னான். எல்லா ஊர்க்காரருக்கும் அது புரிந்தது. கர்னூல் தாண்டும்போது எனக்கு வெட்கம் போய்விட்டது. சாலையோரத்தில் பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்து நான் சோறாக்கினால், நின்றிருக்கும் மற்ற லாரிக்காரர்களும் தட்டோடு வந்தார்கள். துங்கபத்திரையில் குளித்தேன். கிருஷ்ணையைப் பாலத்தின்மேல் இருந்தபடி கும்பிட்டேன். கோதாவரியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். நம் காவேரிக் கரையில் பிறந்து, அதைவிடப் பெரிதாக ஓர் ஆறு இருக்கும் என்று ஒருநாளும் நினைக்காதவள் நான். செங்கோடன் கீழே இறங்கி வந்து, "அக்கா, நாம எதுக்கு வந்தமுன்னு நெனப்பிருக்குதுங்களா?" என்று கேட்டான். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்துக்கு எனக்கு நினைப்பு இல்லை. உன்னைத் தேடி வந்த தாய் பாதி வழியில் உன்னையே மறந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உனக்கு அந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று அதுவரை நாங்கள் யோசித்ததெல்லாம் வீண் என்று அப்போதுதான் தெரிந்தது.

நாகபுரியில் லோடு இறக்கின மண்டிக்காரர் வீட்டில் சாப்பிடச் சொன்னார்கள். நம் ஜவ்வரிசியை ஊறவைத்து, வேர்க்கடலையும் உருளைக்கிழங்கும் போட்டு உப்புமா மாதிரி கிண்டி வைத்தார்கள். விரத நாளில் அதுதானாம் அவர்களுக்கு. பாயசத்துக்குத் தவிர அதை வேறெதற்கும் தொடாதவள் நான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சிவனிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உன் ரிக் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கல்லுமாவு மேலெல்லாம் படிந்து எல்லோரும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றார்கள். எது என் பிள்ளை என்று நான் தேடிக்கொண்டிருக்கையில் அதில் ஒரு சுவர் என்னைப் பார்த்து, "அம்மா" என்றது. என்னென்னவோ திட்ட வேண்டும் என்று மோகனூரிலிருந்து சேர்த்துவைத்துக்கொண்டு வந்தேன். வாயில் வந்தது, "எங்கடா அப்பாவோட சைக்கிளு?" என்பதுதான். நீ, "ஆதிலாபாத்துக்கு இக்கட்டால ஒரு டீக்கடையில இருக்குதும்மா, அச்சு ஒடைஞ்சு போச்சு" என்றாய். சொல்லிவிட்டு நீதான் முதலில் அழுதாய்.

அன்று சாயங்காலம் நாம் பேசிக்கொண்டது எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது.

"கெளம்பு சாமி. பரீச்சய எழுதி முடிச்சுட்டு அப்பறம் எங்க வேணாலும் போ" என்றேன்.

"பரீச்ச எழுதுனா காலேசும்பீங்க. காலேசு முடிச்சா வேலைம்பீங்க. வேலைக்குப் போனாக் கல்யாணம். அப்பறம் எப்பம்மா போறது?"

நீ சொன்ன வரிசை சரியாகத்தான் இருந்தது. நாங்கள் அப்படித்தான் சொல்லியிருப்போம். நான் தலையைக் குனிந்துகொண்டதும், நீ என் பக்கத்தில் நகர்ந்து வந்து, "வந்தது வந்துட்ட. நர்மதையப் பாத்துட்டுப் போலாம் வாம்மா" என்றாய்.

செங்கோடனுக்குத் திரும்பு லோடு கிடைக்கும்வரை நேரம் இருந்தது. நாம் பஸ் ஏறி ஜபல்பூர் போனோம். வெள்ளைப் பாறைகளுக்கு நடுவே நர்மதை விழுகிற இடத்தில், தண்ணீர் விழுவது தெரியாமல் புகைதான் தெரிந்தது. சேலை நனைந்து ஈரமாகிவிட்டது. நீ எனக்கு வழி காட்டினாய், வண்டிக்காரனிடம் இந்தியில் பேசினாய், பாறையில் கால் வைக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாய். அங்கே உட்கார்ந்துதான் உன்னிடம் சொன்னேன், நான் வயசுக்கு வந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று. நீ அதுவரை அதைக் கேட்டதே இல்லை. "நானாப் படிப்ப உடல சாமி, என்னய நிறுத்துனாங்க. நீ நிறுத்தாமயே உட்டுட்டு வந்திருக்கற. ரெண்டும் ஒண்ணில்ல" என்றேன். நீ என் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "எனக்குப் படிப்பு வேண்டாமுன்னு இல்லம்மா. எனக்கு இது இப்ப வேணும்" என்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பொய்யோ வீம்போ அதில் இல்லை.

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சாராயத்தைத் தொடக்கூடாது, மாதம் தவறாமல் கார்டு போட வேண்டும், உங்கப்பா வாய்விட்டுக் கூப்பிட்டால் எந்த ஊரில் இருந்தாலும் வர வேண்டும். மூன்றுக்கும் நர்மதைத் தண்ணீரைத் தொட்டு நீ சத்தியம் செய்தாய். உன்னை அங்கேயே விட்டுவிட்டு நான் செங்கோடனோடு திரும்பினேன்.

இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாத பாதி.

வருகிற வழியில் சைக்கிளை எடுக்க அந்த டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மாள் தெலுங்குக்காரி. நம் தெருவில் தெலுங்கு பேசுகிற வீடுகள் இருப்பதால் எனக்கும் கொஞ்சம் வரும். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய், ஒரு மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். நீ மலேரியா வந்து அதில்தான் கிடந்தாய் என்றாள். வைத்தியர் கையை விரித்துவிட்டதையும், நீ கண் திறக்காமல் தமிழில் என்னென்னவோ பேசியதையும், அதில் ஒரே ஒரு சொல் தனக்குப் புரிந்ததையும் சொன்னாள். அது எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை. அவளும் அவள் மாமியாரும் முறை போட்டு உனக்குக் கஞ்சி புகட்டியிருக்கிறார்கள். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அந்தப் பக்கமாகப் போன தமிழ்நாட்டு ரிக் வண்டியை நிறுத்தி, உன்னை ஏற்றிவிட்டதும் அவள்தான். எங்களுக்குத் தீபாவளியும் பொங்கலும் கார்டு வராமல் போன மாதங்கள் அவை. அதற்குப் பிறகுதான், 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய்.

வெளியே வந்து லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். செங்கோடன் சைக்கிளை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டான்.

"வண்டியத் திருப்பட்டுங்களாக்கா? போயிக் கட்டி இழுத்துட்டு வந்தர்லாமுங்க."

திருப்பு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாள் ஒரு தட்டில் சோளரொட்டியும் மிளகாய்ப் பொடியும் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். "ஊர் பேர் தெரியாத பிள்ளையை எப்படி அம்மா பார்த்துக்கொண்டீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். அவள் அது ஒரு கேள்வியா என்பது மாதிரி என்னைப் பார்த்தாள். "என் மகனும் பம்பாய்ப் பக்கம் எங்கேயோ லாரியில் இருக்கிறான். அவனையும் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்" என்றாள். நாகபுரியில் வாங்கின ஆரஞ்சுக் கூடையை அப்படியே அவள் வீட்டில் இறக்கி வைத்தேன். "ஊருக்கே போலாம் தம்பி" என்று செங்கோடனிடம் சொன்னேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நீ திரும்பி வரும்வரை அது என்னோடு படுத்து என்னோடு எழுந்தது. ஆனால் அந்த அம்மாளைப் பார்த்த பிறகு, என்னைத் தவிர உனக்கு ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த கர்வம் போய்விட்டது. அதற்கு அப்புறம் நம் வீட்டு வழியாக வடக்கத்தியான் யார் போனாலும் நான் தண்ணீர் வேண்டுமா என்று கேட்காமல் அனுப்பினதில்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளை இறக்கியதும் உங்கப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தார், பெடலைச் சுற்றிப் பார்த்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "எளைச்சிருக்கறானா?" என்றார்.

"கறுத்திருக்கறானுங்க. எளைக்கல."

அன்றிலிருந்து அவர் சைக்கிளைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு மாதம் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கோதாவரி நம் காவேரியைவிடப் பெரிதா என்றார். பெரிதுதான் என்றேன். "நீ வெள்ளத்துல பாத்திருப்ப" என்று சொல்லிக் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். நீ காய்ச்சலில் கிடந்ததை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. இப்போது தெரிந்துகொள்வார். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிறவர் அவர்தான். படித்துவிட்டுத்தான் சேர்ப்பார்.

பிறகு நீ ராஜஸ்தான் போனாய், மணாலிக்கு மேலே பனியில் ரோடு போடுகிற இடத்தில் வேலை செய்தாய், குஜராத்தில் உப்பளத்தைப் பார்த்தாய். மாதம் தவறாமல் கார்டு வந்தது. அந்த ஊர்ப் பெயர்களை உங்கப்பா தான் படித்த பிறகும் என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்பார். அவர் வரப்பில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து கிடந்த வருசம், உனக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். "காலு ஒடஞ்சுதுன்னு எழுதாத. கரும்பு வெட்டு ஆரம்பிச்சிருச்சு, வரச் சொல்லு" என்றார். வாய்விட்டுக் கூப்பிட்டது அதுதான். நீ வந்தாய். வெட்டு முடிந்தும் போகவில்லை. உனக்கு வழியும் தெரியும், இந்தியும் தெரியும் என்று ஊர்ப் பெரியவர்கள் காசிக்குக் கூட்டிப்போகச் சொல்ல, ஒரு வாடகை பஸ் பேசினாய். அந்த முதல் பஸ்ஸில் உங்கப்பாவும் என்னோடு ஏறினாரே, கோதாவரிப் பாலத்தில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பெருசுதான்" என்று சொன்னதை நீ ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் கேட்டிருக்க மாட்டாய்.

இதையெல்லாம் எழுதுவதால், பள்ளிக்கூடத்தை விட்டது நல்லதுதான் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. உன்னோடு படித்த பையன்கள் இன்று என்ஜினீயராகவும் பாங்கு ஆபீசராகவும் இருப்பதைப் பார்க்கிறேன். இப்போது உன் சொந்த பஸ்ஸுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து இங்கிலீசில் காகிதம் வந்தால் நீ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று யோசிப்பதையும் பார்க்கிறேன். நீ ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கியிருக்கிறாய். இனிமேல் அந்தக் காகிதத்தை மல்லிகாவிடம் கொடு. வெட்கப்படாமல் அர்த்தம் கேள். அவளிடம் படித்துக்கொள்ளவும் செய். உடம்பு சரியில்லாவிட்டால் அவளுக்கு, 'நன்றாக இருக்கிறேன்' என்று எழுதாதே. எங்கேயும் போகாதவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பஸ்ஸில் வருகிற சனங்களிடம் நீ விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அதை விட்டுவிடு. அந்த டீக்கடை அம்மாள் ஆதிலாபாத் தாண்டினதில்லை. நாளைக்கு உன் பிள்ளை வந்து நான் போகிறேன் என்று நின்றால், கூடாது என்று சொல்வதற்கு முன்னால் எதைப் பார்க்கப் போகிறாய் என்று கேள். அதற்கு அவனிடம் பதில் இருந்தால் உட்கார்ந்து பேசு.

நிச்சயதார்த்தத்தன்று மல்லிகா சமையல்கட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். என்னவோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கையில் கரண்டியைக் கொடுத்துச் சாம்பாரைக் கிண்டச் சொன்னேன். கிண்டிக்கொண்டே, "ஏனுங்க அத்தை, அவரு மறுபடியும் எங்கயாச்சும் கெளம்பிப் போயிருவாருங்களா?" என்று கேட்டாள்.

"போவான் கண்ணு. அவனால இருக்க முடியாது. நீயும் கூடப் போயிரு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காமல், "எனக்குப் பஸ்ஸுல போனா வாந்தி வருமுங்க அத்தை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளும் சிரித்துவிட்டாள். எம்.ஏ. படித்த பெண் இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாள், அதனால் நான் சொல்லிவிடுகிறேன். வருகிற வழியில் நல்ல எலுமிச்சம்பழமாக வாங்கிக்கொண்டு வா. உன் பஸ்ஸில் சன்னலோரத்து முதல் சீட்டை இனிமேல் யாருக்கும் கொடுக்காதே. கல்யாணம் முடிந்து முதல் தடவை ரொம்ப தூரம் வேண்டாம், மேட்டூர் அணைவரைக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வா. மெதுவாக ஓட்டு.

உன் அம்மா